நின்றுகொண்டே ஒரு நாள்

தென் கரோலினாவின் ஸ்ட்ராம் தர்மண்ட் 1954-ல் அமெரிக்க செனட்டுக்கு ஜெயித்தபோது வாக்குச்சீட்டில் அவர் பெயரே அச்சாகவில்லை. ஜனங்கள் கையால் எழுதிப் போட்டார்கள். 1957-ல் கறுப்பின மக்களின் வாக்குரிமை மசோதாவை மறிக்க 24 மணி 18 நிமிடம் விடாமல் பேசினார். நடுவில் 'அவசரமாக' வெளியே ஓடக்கூடாதே என்று, முன்கூட்டியே நீராவிக் குளியல் போட்டு உடம்பை வற்றவைத்துக்கொண்டாராம். கொள்கைக்காக வியர்வை சிந்துவது இதுதான் போலிருக்கிறது! மாநிலம் மாநிலமாகத் தேர்தல் சட்டங்களை வாசித்துத் தள்ளினார். அவர் உட்கார்ந்த சுமார் இரண்டு மணி நேரத்தில் மசோதா நிறைவேறிவிட்டது. 1964-ல் கட்சியை மாற்றினார், நாற்காலியை விடவில்லை. 1996-ல், 93 வயதில், இன்னும் ஆறு வருஷம் வேண்டுமென்றார். கொடுத்தார்கள். பதவியிலேயே நூறைத் தொட்டு, 2003 ஜனவரியில் இறங்கினார். வெளியுலகம் ஆறு மாதம்கூட ஒத்துக்கொள்ளவில்லை. ஜூனில் போய்ச் சேர்ந்தார்.