சங்கஞ்செடி எங்கெங்கே? – கேள்வி-பதில்

கேள்வி: ஹெர்பேரியம் எனும் உலர்தாவரக் காப்பகத்தில் இருப்பதெல்லாம் காய்ந்த செடிகள்தானே, இன்று அவற்றால் என்ன பயன்? (கறம்பக்குடி)

பதில்: காய்ந்தது செடிதான், செய்தி அல்ல. செடி ஒட்டிய ஒவ்வொரு தாளிலும் இடம், தேதி, எடுத்தவர் பெயர், பூவின் நிறம் எல்லாம் இருக்கும். இந்தச் செடி இந்த நாளில் இங்கே நின்றது என்பதை யாரும் திரும்பச் சரிபார்க்கலாம். திருச்சி தூய வளனார் கல்லூரியில் கே.எம். மேத்யூ அடிகளார் 1967இல் ராபினாட் ஹெர்பேரியத்தைத் தொடங்கினார். ‘ஃப்ளோரா ஆஃப் தி தமிழ்நாடு கர்நாட்டிக்’ என்ற அவருடைய பெருநூலுக்கு அந்தத் தாள்கள்தான் அடித்தளம். தைலமரத் தோப்புகள் பரவிய நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் முன்பு என்ன நின்றது என்று கேட்டாலும் இப்படிப்பட்ட தாள்கள்தான் சாட்சி சொல்ல வேண்டும்.

கேள்வி: எங்கள் வேலிச் சங்கஞ்செடி பூக்கிறது, காய்ப்பதே இல்லை. ஏன்? (ஆலங்குடி)

பதில்: ஆண் செடியாக இருக்கும்! சங்கஞ்செடியில் ஆணும் பெண்ணும் பெரும்பாலும் தனித்தனி. வெள்ளை உருண்டைப் பழம் பெண் செடியில்தான். ஆகவே தாளுக்கு ஒரே கிளையை எடுத்து வைத்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

கேள்வி: சங்கஞ்செடிக்குச் சொந்தபந்தம் உண்டா? (வம்பன்)

பதில்: சின்னக் குடும்பம். சால்வடோரேசி என்று பெயர். மூன்றே பேரினங்கள், சுமார் ஒரு டஜன் இனங்கள். வறண்ட மண்ணும் உவர் மண்ணும் இவற்றுக்குப் பழக்கம். மிஸ்வாக் பல்குச்சி தரும் உகா மரம் இதே குடும்பம். கோடிக்கரைக் காட்டில் நிறைய உண்டு. தூரத்துப் பங்காளிகளைக் கேட்டால் வியப்பீர்கள்: கடுகு, முருங்கை, பப்பாளி! இவற்றின் காரநெடிக்குக் காரணமான வேதிப்பொருள் வகையும் ஒன்றுதான்.

கேள்வி: சங்கஞ்செடி வெறும் முள்செடிதானே, வெட்டி எறிந்தால் என்ன? (கீரமங்கலம்)

பதில்: எறியாதீர்கள். ஸ்மால் சால்மன் அராப் என்ற பட்டாம்பூச்சியின் புழு இந்தச் சின்னக் குடும்பத்தின் இலைகளைத் தின்றுதான் வளர்கிறது. வேலி போனால் அதற்குச் சோறு போயிற்று.

கேள்வி: பரவல் வரைபடத்தில் எங்கள் ஊருக்குப் புள்ளி இல்லையென்றால் அந்தச் செடி இங்கே இல்லையா? (திருவரங்குளம்)

பதில்: செடி இல்லை என்று பொருளல்ல, அங்கே தாளுக்கு மாதிரி எடுத்தவர் இல்லை என்றும் இருக்கலாம். புள்ளிகள் சாலையோரமும் கல்லூரி ஊர்களைச் சுற்றியும் மலைகளிலும்தான் குவிகின்றன. அரிய செடியைத் தேடி மலையேறுபவர்கள் வேலியோர முள்செடியைத் தாண்டிப் போய்விடுவார்கள். எங்கும் இருக்கிறது என்று எல்லோரும் நினைக்கும் செடிதான் பதிவாகாமல் மறைகிறது. என் பெரிய கவலை அதுதான்.

கேள்வி: பழைய தாள்களில் நம் ஊரைத் தேடுவது எப்படி? (புதுக்கோட்டை)

பதில்: மூன்று தலைப்புகளில் தேடுங்கள். 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம், அதன்பின் திருச்சி மாவட்டம், 1974இலிருந்து புதுக்கோட்டை மாவட்டம். செடி நகரவில்லை, முகவரிதான் மாறியது. மாவட்டப் பெயரை மட்டும் நம்பினால் பழைய பதிவுகள் கண்ணில் படாது.

கேள்வி: கைபேசியில் படம் எடுத்தால் போதாதா? (அறந்தாங்கி)

பதில்: நல்ல தொடக்கம், கட்டாயம் எடுங்கள். ஆனால் படத்தில் பூவைப் பிரித்துப் பார்க்க முடியாது, இலையிலிருந்து மரபணுவும் எடுக்க முடியாது. நன்றாகக் காத்த தாளில் நூறாண்டு கழித்தும் இரண்டும் முடியும்.

கேள்வி: நானும் ஒரு தாள் செய்யலாமா? (பள்ளி மாணவி, திருவரங்குளம்)

பதில்: இன்றே செய்! வனத்துறைக் காட்டுக்குள் அனுமதியின்றி எதையும் பறிக்காதே. உன் வீட்டு வேலி போதும். பூவோடு ஒரு கிளை, காயோடு ஒரு கிளை எடுத்துச் செய்தித்தாளில் விரித்து, மேலே கனமான பலகை வை. ஈரம் போகும்வரை தாளை தினமும் மாற்று. நாள், ஊர், எந்தக் குளக்கரை, என்ன மண், ஆணா பெண்ணா, பூ என்ன நிறம் என்று உடனே எழுதிவிடு. நாளைக்கு என்று தள்ளினால் மறந்துபோகும். பிறகு ஆசிரியரை அழைத்துக்கொண்டு ஒரு கல்லூரித் தாவரவியல் துறைக்குப் போய்க் காட்டு. முறையாகச் செய்த தாளுக்கு மாணவி, பேராசிரியர் என்ற வேறுபாடு கிடையாது.