ரெண்டு பவுன் இஞ்சினும் முத்தியால்பேட்டை மேடும்

வா தம்பி, குந்து. எதுக்கு வந்தேன்னு நீ சொல்லவே வேணாம், மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு. சூப்பர் காரு வாங்கணும். புதுசா பழசா? ஓட்ட எது சொகம், வச்சிருந்தா எது விலை ஏறும்? அதானே? இதக் கேக்க பாகூர்ல நெல்லு வெளைச்ச கெழவன்தானா கெடைச்சான்? சரி, வந்துட்டே. மோரு குடிச்சிக்கினே கேளு.

மொதல்ல ரோட்டப் பாருடா. சனிக்கெழம சாயங்காலம் நம்ம பாண்டிச்சேரி முத்தியால்பேட்டைப் பக்கம் நின்னு பாத்திருக்கியா? சென்னையிலேர்ந்தும் பெங்களூர்லேர்ந்தும் வண்டிங்க வரிசையா வரும். அன்னிக்கு ஒண்ணு வந்துது, மஞ்சக் கலரு. வயித்துக்கும் தரைக்கும் நாலு விரல்தான் எடம். ஸ்பீடு பிரேக்கர் கிட்ட வந்து அப்பிடியே நின்னுடுச்சு. உள்ள இருந்த புள்ளாண்டான் ஒரு பட்டன அமுக்கினான். மூக்கு மட்டும் ரெண்டு விரல் எழும்புச்சு. கூட வந்த பொண்ணு எறங்கி, குனிஞ்சு அடியப் பாத்து, ‘கொஞ்சம் ரைட்டு, போதும் போதும், கொஞ்சம் லெப்டு’ன்னுது. வண்டி கோணிக்கினு ஒவ்வொரு சக்கரமா ஏறுது. பின்னால பஸ்சுக்காரன் ஹாரன்ல இருந்து கைய எடுக்கல. அதுக்குள்ள ரெண்டு புல்லுக்கட்டு ஏத்தின டிவிஎஸ் ஒண்ணு எடப்பக்கமா பூந்து போயே போச்சு. மஞ்ச வண்டிக்கு அறுநூறு குதிரையாம். அந்த மேட்ட ஏத்திவுட ஒரு குதிரையாவது வந்துதா?

நம்மள ஆண்ட பிரெஞ்சுக்காரன்லயும் வெவரமானவன் இருந்தான். 1948-ல சித்ரோயன் கம்பெனி டூ சிவின்னு ஒரு தகர வண்டிய வெளிய காட்டுச்சு. குடியானவனுக்குன்னே பண்ண வண்டி. அத வரையச் சொல்லும்போதே போட்ட கண்டிஷன் இன்னா தெரியுமா? கூடை நெறைய முட்டைய வச்சிக்கினு உழுத நெலத்துல போவணும், ஒண்ணுகூட ஒடையக் கூடாது. குதிரை மொத்தம் ஒம்போதுதான். நீ வாங்கப்போற வண்டியில முட்டை வேணாம், முதுகெலும்பு ஒடையாம வந்து சேருவியான்னு பாரு.

வேகம்னு சொல்லுவே. சொல்லு. ஃபெராரி எஃப்40-ன்னு ஒண்ணு, 1987-ல வந்துது, மணிக்கு 324 கிலோமீட்டர் போவும். புகாட்டி சிரோன் 2016-ல வந்துது, 420. அதுக்கு மேல போவாதபடி கம்பெனிக்காரனே கட்டிப் போட்டிருக்கான். நம்ம நாட்டுல எக்ஸ்பிரஸ்வேயிலயே காருக்கு 120-தான் கணக்கு. நம்ம பீச் ரோட்டுல சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வண்டியே வுடமாட்டான். மிச்சம் முந்நூற எங்க வச்சுக்குவே? பீரோவுலயா?

அதனால வேகத்த வுடு. சொகத்தப் பேசு.

அந்த எஃப்40-ல ரேடியோ கெடையாது. தரையில விரிப்பு கெடையாது. பவர் ஸ்டீரிங் கெடையாது, ஏபிஎஸ் கெடையாது. உள்ளேர்ந்து கதவத் தொறக்க ஒரு கயிறு தொங்கும், அத இழுக்கணும். நம்ம ஊட்டுக் கேணியிலயாவது உருளை இருக்குது! கால அமுக்கினா மொதல்ல ஒண்ணும் நடக்காது. டர்போ ரெண்டும் மூச்சு இழுத்து முடிச்சப்புறம் முதுகுல ஒரு ஒதை வுழும். லம்போர்கினி கவுன்டாச்சுன்னு இன்னொண்ணு. பின்னால கண்ணே தெரியாது. ரிவர்ஸ் எடுக்கணும்னா கதவ மேல தூக்கி, வாசப்படி ஓரத்துல குந்திக்கினு, தலையத் திருப்பிப் பாத்துத்தான் எடுப்பாங்க. கிளட்ச அமுக்க பொலி காளை மாதிரி காலு வேணும். இம்மாம் தொல்லைப்பட்டும் ஓட்டினவன் எறங்கும்போது சிரிச்சிக்கினே எறங்குறான். ஏன்? வேர்த்தது அவனுக்கு. கியரு தப்பினாலும் அவன் தப்பு, வளைவுல அழகாத் திரும்புனாலும் அவன் கெட்டிக்காரத்தனம்.

இப்ப வர்ற வண்டிய எடு. கியர அதுவே மாத்திக்குது, நீ கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள. சக்கரம் வழுக்கினா அதுவே புடிக்குது. நீ முட்டாத்தனமா அமுக்கினாலும், ‘பாவம் பையன்’னு உள்ள இருக்கிற கம்ப்யூட்டரு பாதிய வுட்டுட்டு மீதிய மட்டும் அனுப்புது. உயிருக்கு நல்லதுடா, ஒத்துக்கறேன். பழச வாங்கி மரத்துல சொருகறதுக்கு இது தேவலாம். ஆனா ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. நீ ஓட்டினாலும் நான் ஓட்டினாலும் ஒரே மாதிரி போவுதுன்னா, ஓட்டறது யாரு?

இதுல வேடிக்கை என்னன்னா, லம்போர்கினிங்கிறவன் நம்ம ஆளு. ஃபெருச்சியோ லம்போர்கினி, டிராக்டர் வித்துச் சம்பாரிச்சவன். ஃபெராரி வாங்கி, அதுல கிளட்ச் சரியில்லன்னு மொதலாளி கிட்டயே சொல்லப் போயி, ‘நீ டிராக்டரப் பாருடா’ன்னு பேச்சு வாங்கினதா ஒரு கதை சொல்லுவாங்க. அந்த ரோஷத்துல பண்ண கம்பெனிலேர்ந்துதான் 1966-ல மியூரா வந்துது. சீட்டுக்குப் பின்னால பன்னெண்டு சிலிண்டர் இஞ்சினக் குறுக்கால படுக்க வச்சான். டிராக்டர்காரன் ஆரம்பிச்ச கம்பெனி வண்டி, இன்னிக்கு ஒரு வரப்பு ஓரம் நிக்க மாட்டேங்குது பாத்தியா!

சரி, விலைக்கு வருவோம். அதுக்குத்தானே காத துடைச்சிக்கினு குந்தியிருக்கே.

ஃபெராரி 250 ஜிடிஓ-ன்னு ஒரு வண்டி. 1962-லேர்ந்து 64 வரைக்கும் மொத்தமே முப்பத்தாறுதான் பண்ணான். அதுல ஒண்ணு அமெரிக்காவுல டெக்சஸ் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல கெடந்துது. பசங்க மெக்கானிக் வேலை பழக யாரோ தானமாக் குடுத்தது. 1972-ல பள்ளிக்கூடத்துக்காரன் அத 6,500 டாலருக்கு வித்துட்டான். வாங்கினவன் ஒஹையோவுல வயக்காட்டு ஓரம், டிரெய்லர் மேலயே, வெயில்லயும் மழையிலயும் வருஷக்கணக்கா வுட்டு வச்சிருந்தான். அதே ஜாதி வண்டி ஒண்ணு 2018-ல ஏலத்துல போச்சு. எவ்வளவுன்ற? நாலு கோடியே எண்பத்துநாலு லட்சம். ரூபா இல்ல, டாலரு. பேரன் போன்ல காட்டினான். கண்ணாடியப் போட்டுக்கினு மறுபடி எண்ணிப் பாத்தேன், சைபர் எல்லாம் சரியாத்தான் இருந்துது.

அதக் கேட்டுட்டு ஒடனே வாயப் பொளக்காத. ஜாகுவார் கம்பெனிக்காரன் எக்ஸ்ஜே220-ன்னு ஒண்ணக் காட்டினான். பன்னெண்டு சிலிண்டர் தரேன்னான். விலை ஏறும் ஏறும்னு பணக்காரனுங்க 1990-ல அம்பதாயிரம் பவுண்டு முன்பணம் கட்டினானுங்க. வண்டி வந்தப்ப சிலிண்டரு ஆறு. சந்தையும் அதுக்குள்ள படுத்துடுச்சு. பணங் கட்டினவன் பல பேரு எனக்கு வண்டியே வேணாம்னு கோர்ட்டு படியேறினான். விலை ஏறும்னு சொன்னவன் எவனாவது கூட ஏறுனானா?

இப்ப நல்லாக் கேளு. மெக்லாரன் எஃப்1-ன்னு ஒண்ணு. தொண்ணூறுகள்ல 106-தான் பண்ணாங்க. மூணு சீட்டு, ஓட்டறவன் நடுவுல. கையாலதான் கியரு. இஞ்சின் சூடு மத்த எடத்துல தாவாம இருக்க, அந்த அறைக்குள்ள தங்கத் தகடு ஒட்டியிருக்கான், சுமார் பதினாறு கிராம். கணக்குப் போடு, ரெண்டு பவுன். இஞ்சினுக்கு! 1998-ல அது 386 கிலோமீட்டர் வேகத்துல போயி ஒலகத்தையே அண்ணாந்து பாக்க வச்சுது. அதுல 1995-ல பண்ண ஒரு வண்டி 2021-ல கலிபோர்னியாவுல ஏலத்துக்கு வந்துது. ரெண்டு கோடியே நாலு லட்சம் டாலருக்கு மேல போச்சு. ஏன் அம்மாந் தொகை? இருபத்தாறு வருஷத்துல அது ஓடினது மொத்தமே 390 கிலோமீட்டர். பாண்டிச்சேரியிலேர்ந்து சென்னைக்குப் போயிட்டுத் திரும்பி, மறுபடி ஒருக்கா மாமல்லபுரம் வரைக்கும் போனா கிட்டத்தட்ட தீந்துது.

அதாவது, ஓட்டறதுக்குன்னே பண்ணதுல ஒலகத்துல ஒசந்த வண்டி. அத ஓட்டாம வுட்டதுக்குக் குடுத்த கூலிதான் அந்தக் காசு. உனக்கு சொகம் வேணுமா, விலை வேணுமா? ரெண்டும் ஒரே வண்டியில வேணும்னு நிக்கிறியே, அதுக்குத்தான் சிரிக்கிறேன். நீ ஒரு கிலோமீட்டரு ஓட்டினா, மீட்டருல ஏறும், விலையில எறங்கும்.

புதுசு வாங்கி வச்சா விலை ஏறாதான்னு கேக்கறே. எண்ணிப் பண்றது சிலது ஏறும். ஆனா உள்ள பேட்டரி, மோட்டாரு, பெட்டி பெட்டியா கம்ப்யூட்டரு. நான் சொன்ன மெக்லாரனுக்கே பழுது பாக்க காம்பாக் கம்பெனியோட தொண்ணூறுகள் காலத்து லேப்டாப்புதான் வேணும்னு தேடிப் புடிச்சு வச்சிருந்தானுங்க. இன்னிக்கு வண்டியில இருக்கிறதுக்கு முப்பது வருஷங் கழிச்சு எந்தக் கடையில போயி நிப்பே? ஒரே மாடலு, ஒண்ணு கையால கியரு, ஒண்ணு பட்டன். கையால போடறதுக்குத்தான் இப்ப கூட விலை. புதுசுல அத பெரும்பாலும் நிறுத்திட்டான், அதான் காரணம்.

வரி வெவகாரம் வேற. நம்ம பாண்டிச்சேரி பேரு அதுல நல்லாவே அடிபட்டுது. அப்ப கேரளாவுல இருபது லட்சத்துக்கு மேல போன காருக்கு நூத்துக்கு இருபது வரி இருந்துது. இங்க கம்மி. அதனால சினிமாக்காரன், வியாபாரி எல்லாரும் பி.ஒய். 01 நம்பர் வாங்கிக்கினு கொச்சியில ஓட்டினானுங்க. 2017-ல அது நாறிப்போச்சு. அட்ரஸத் தேடிப் போனா, சில ஊட்டுல அந்தப் பேரையே கேள்விப்பட்டவன் இல்ல. யானை வாங்கக் காசிருக்கு, அங்குசம் வாங்கக் காசில்லையாம்!

அம்பது வருஷம் தாண்டின வண்டிய வச்சிக்கலாமான்னா வச்சிக்கலாம். 2021-ல சட்டம் போட்டிருக்கான். புதுசாப் பதிய இருபதாயிரம், நம்பர்ல வி.ஏ.ன்னு ரெண்டு எழுத்து. ஊர்கோலம், கண்காட்சி, பெட்ரோல் போட, பழுது பாக்க எடுக்கலாம். தெனம் ஆபீசுக்கு ஓட்டக் கூடாது. கவருமென்ட்டுக்கே தெரிஞ்சிருக்கு பாரு, அது எதுக்கு ஆவும்னு.

என்னக் கேட்டா, பழசுல கிளட்ச் இருக்கிறதா ஒண்ணப் பாரு. பெயிண்ட்டப் பாக்காத, அடியில படுத்து துருவப் பாரு. பார்ட்ஸ் எங்க கெடைக்கும்னு எழுதி வாங்கிக்க. வேகம் கட்டாயம் வேணும்னா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில பந்தய மைதானம் இருக்கு, சுத்து 3.7 கிலோமீட்டர். அங்க போயி ஆசை தீர அமுக்கு, எவனும் ஹாரன் அடிக்க மாட்டான். மத்த நாள்ல காலையில வெய்யில் ஏர்றதுக்குள்ள நம்ம பாகூர் ஏரிக்கரைப் பக்கம் எடுத்தா, நானும் வரேன். மெக்லாரனா வாங்கினேன்னா இன்னும் நல்லது. நீ நடுவுல குந்து, நான் ஒரு பக்கம், ஒங்க பாட்டி இன்னொரு பக்கம். அந்த ரெண்டு பவுன் சமாச்சாரத்த மட்டும் அவ காதுல போட்டுடாத.