ஆழம் தெரிந்து காலை விடு

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. அந்தமானில் ஸ்கூபா கற்றுச் சான்றிதழ் அட்டையும் வாங்கிவிட்டாள். இனிமேல் பக்கத்து மரக்காணத்திலேயே இறங்கலாமே? (ஒரு தந்தை, இரும்பை)

பதில்: அங்கே உப்பளத்தில் இறங்கினால் கணுக்கால் நனையும், கடலில் இறங்கினால் தன் கையே தனக்குத் தெரியாது. மணல் தரை, கரையிலேயே மடிந்து விழும் அலை, கழுவெளித் தண்ணீர் கடலில் சேரும் முகத்துவாரம். கலங்கலுக்கு வேறென்ன வேண்டும்? பக்கத்தில்தான் வேண்டுமென்றால் புதுச்சேரியிலிருந்து படகில் கூட்டிப் போகிறார்கள். பிப்ரவரி, மார்ச்சில் கடல் அடங்கிய நாளாகப் பாருங்கள்.

கேள்வி: துணைக்கு அவள் சித்தப்பா போகிறார். கல்லூரியில் நீச்சல் சாம்பியன். போதாதா? (அதே தந்தை)

பதில்: கோப்பை போதாது, அவரிடமும் ஸ்கூபா அட்டை வேண்டும். ஸ்கூபா பயிற்சி அமைப்பான பாடியின் (PADI) விதிப்படி 10, 11 வயதுக்காரர்களுக்கு 12 மீட்டர்தான் எல்லை. கூடவே சான்றிதழ் பெற்ற பெற்றோரோ பயிற்சியாளரோ இருக்கவேண்டும். 12 முதல் 14 வரை, சான்றிதழ் பெற்ற பெரியவரோடு 18 மீட்டர். இது முதல்நிலை அட்டைக்கான கணக்கு. சித்தப்பா கரையில் பையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: ஹேவ்லாக்கா, திரிகோணமலையா? எதற்கு டிக்கெட் போடுவது? (ஒரு தாய், திண்டிவனம்)

பதில்: பள்ளி நாட்காட்டியையும் பருவக்காற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரையாண்டு விடுமுறை என்றால் அந்தமானின் ஹேவ்லாக். மே மாத விடுமுறை என்றால் திரிகோணமலை, புறாத் தீவுப் பக்கம்; செப்டம்பர் வரை அங்கே கடல் சாது. இரண்டிலும் ஆழம் குறைந்த பவளத்திட்டுகள் உண்டு. மீன்களுக்கு 5 மீட்டரிலும் அதே வண்ணம்தான். வெளிச்சம் கூடுதல் என்பதால் இன்னும் எடுப்பாகவே தெரியும்.

கேள்வி: ராமநாதபுரம், தூத்துக்குடிக் கடலிலேயே பவளப்பாறை இருக்க, இலங்கை எதற்கு? (வாசகர், புதுச்சேரி)

பதில்: இருக்கிறது, அதனால்தான் பூட்டியும் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் நுழைந்தால், மீனுக்கு முன்னால் வனக்காவலரைப் பார்ப்பீர்கள்.

கேள்வி: மட்டக்களப்பில் மூழ்கிய ஹெர்மிஸ் கப்பலைப் பார்த்தே தீருவேன் என்கிறான் என் 15 வயது மகன். (ஒரு தந்தை, மரக்காணம்)

பதில்: 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த கப்பல் அது. கிடப்பது 50 மீட்டருக்கும் கீழே. தம்பியின் அட்டை 18 மீட்டரோடு நின்றுவிடும். 80 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கும் கப்பல், அவன் மேற்பயிற்சி முடிக்கும் வரை ஓடிவிடாது.

கேள்வி: ஞாயிறு மாலை வரை முங்கிவிட்டு இரவு விமானத்தில் ஊர் திரும்பலாமா? திங்கள் பரீட்சை. (மாணவி, வானூர்)

பதில்: கூடாது. உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். பலமுறை முங்கியிருந்தால் 18 மணி நேரமாவது பறக்காதீர்கள். கடைசி நாளைப் பாடப் புத்தகத்துக்கு ஒதுக்குங்கள், அதிலும் முங்கலாம்.

கேள்வி: நல்ல ஸ்கூபா மையத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகி, கோட்டக்குப்பம்)

பதில்: முதலில் "பாப்பா கடைசியாக எப்போது இறங்கினாள், சளி இருக்கிறதா?" என்று கேட்பவர் நல்லவர். "ஜிபேயா, ரொக்கமா?" என்று தொடங்குபவரிடம் நீங்கள் கேளுங்கள்: படகில் ஆக்சிஜன் உண்டா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், நீரோட்டம் எப்படி?

கேள்வி: உள்ளே போனபின் பயம் வந்தால்? அங்கே பேசவும் முடியாதே? (மாணவன், இரும்பை)

பதில்: கட்டைவிரலை உயர்த்து, "மேலே போகலாம்" என்று பொருள். காரணம் சொல்லவேண்டியதில்லை, யாரும் மறுக்கவும் கூடாது. இதை அப்பாவுக்கும் சொல்லிவை. ஆமையைப் பார்த்த குஷியில் அவர் "சூப்பர்" என்று விரலைத் தூக்கினால், மொத்தக் குழுவும் மேலே வந்துவிடும்.