செம்பாசிக்குச் செல்லம் கொடுத்த மருமகன்

மருமவனே, நீ அனுப்பின வீடியோவ உங்க அத்தைகிட்ட காட்டுனேன். கடல்மீன் தொட்டியில மணலே தெரியாம சேப்புக் கம்பளம் விரிஞ்சு கிடக்கதப் பாத்துட்டு, “எந்த மந்திரி வாராராம்?”னு கேட்டா. நான் என்னத்தச் சொல்ல? கடல விட்டுட்டுப் பட்டணம் போன பய, காசக் கொட்டிக் கடல வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்க. வச்சதுதான் வச்ச, அதுக்குச் சோறு போடத் தெரிஞ்ச அளவுக்குக் குப்ப அள்ளத் தெரியல.

அந்தச் சேப்புக் கம்பளம் பாசியே இல்லடே. சயனோபாக்டீரியா. வெளிச்சத்தத் தின்னு வளருததால பாசி வேஷம் கட்டிக்கிட்டு நிக்குது. சாயங்காலம் அதுமேல குட்டிக் குட்டியாக் குமிழி நிக்குமே, அது ஆக்சிஜன். சுமார் 240 கோடி வருசத்துக்கு முந்தி இந்தப் பூமிக்காத்துல ஆக்சிஜன் ஏறுனதே இதோட பாட்டன் பூட்டன் புண்ணியத்துலதான். அப்பேர்ப்பட்ட குடும்பத்த நீ பல்லு விளக்குத பிரஷ்ஷ வச்சுத் தேச்சு ஒழிக்கப் பாக்குத. பேஷ்! காலையில லைட்டு எரியுததுக்கு முந்தி மணல் வெளுத்துத் தெரியும். ‘ஒழிஞ்சது சனியன்’னு ஆபீசுக்குப் போவ. பொழுது சாய வந்து பாத்தா பழையபடி விரிஞ்சு கிடக்கும். அது எங்கயும் போவல மருமவனே, ராத்திரிக்குக் கொஞ்சம் சுருங்கிக்கிட்டுது, அவ்வளவுதான்.

தூத்துக்குடி உப்பளத்துல குப்ப கொட்டுனவன் நான். உப்பு அளக்க உன் மெசினு 1.025-ன்னு காட்டுதே, அதத்தான் நாங்க மூணரை டிகிரிம்போம். அந்தத் தண்ணியப் பாத்தியில தேக்கி வெயில்ல விட்டா, டிகிரி ஏறி ஏறி 25-ஐ ஒட்டி வரும்போது உப்பு விழும். ஏன் விழுது? வெயிலு தண்ணிய மட்டுந்தான் தூக்கிட்டுப் போவும். மத்ததெல்லாம் தரையிலதான் கிடக்கும். உன் தொட்டியும் ஒரு பாத்திதான், கண்ணாடிப் பாத்தி. உள்ள போட்டது எதுவும் நீயா கை வச்சு எடுக்காம வெளிய போவாது. எங்க தேக்கப் பாத்தியிலயும் அடியில இதே சாதி விரிஞ்சு கிடக்கும். தண்ணி மண்ணுக்குள்ள இறங்காம அடச்சுக் குடுக்குததால நாங்க அதச் சீண்டுதது இல்ல. எங்களுக்கு அது கூலி கேக்காத வேலைக்காரன். உனக்குத்தான் வாசல்ல வந்து நிக்க கடன்காரன்.

கடன் எப்படி ஏறுச்சுன்னு பாப்போம். காலையில நீ இரை போடுத. சாயங்காலம் உம் பொண்டாட்டி போடுதா. நடுவுல பேரன் ஸ்டூல் போட்டு ஏறி ஒரு கை போடுதான். ஐஸ் எறால உருக்கி, அந்தத் தண்ணியோட அப்படியே கவுத்துத. எறாலு மீனுக்கு, சாறு பாக்டீரியாவுக்கு! டீ வடிகட்டியில போட்டு அலசிட்டு, ரெண்டு நிமிசத்துல தின்னு தீக்க அளவு மட்டும் போடு. கோமாளி மீனு பசியில சாவுத மாதிரி கண்ணாடியில வந்து முட்டும். நம்பாத. சின்னதுல நீயும் எங்க அக்காகிட்ட அப்படித்தான் நடிப்ப.

அடுத்தது தண்ணி. “ஆர்.ஓ. தண்ணிதான் மாமா”ன்னு பெருமையாச் சொன்ன. குடிக்கதுக்கு வச்ச மெசினு பலதுல, ருசிக்காக வெளித்தண்ணியக் கொஞ்சம் கலந்து விடுத திருகு ஒண்ணு இருக்கும். பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் அந்த வழியா விருந்தாளி மாதிரி உள்ள வருது. டி.டி.எஸ். மீட்டர விட்டுப் பாரு. பூஜ்யத்த ஒட்டிக் காட்டணும். காட்டலன்னா பில்டருக்குப் பின்னால ஒரு டி.ஐ. பிசின் குப்பி மாட்டு. வத்துன தண்ணிக்குப் பதிலா உப்புத் தண்ணிய ஊத்துனியாமே? உப்பளக்காரன் மருமவன்னு வெளிய சொல்லிராத. வத்துனது நல்ல தண்ணி, ஊத்தவேண்டியதும் நல்ல தண்ணி.

மெரினாவுல ஒரு குடம் மொண்டுக்கிடவான்னு வேற கேட்ட. அங்க கூவம் வந்து கலக்குதது உனக்குத் தெரியாதா? அப்புறம், மன்னார் வளைகுடாப் பவளக்கல்லு ரெண்டு அனுப்பச் சொன்ன. பவளம் 2001-லயே வனவிலங்குச் சட்டத்துப் பட்டியல்ல ஏறியாச்சு. மாமன் ஜெயில்ல களி திங்கணும்னு உனக்கு அப்படி என்ன ஆச!

கல்லுக்குப் பின்னால தண்ணி ஓட்டம் செத்துக் கிடக்க மூலையப் பாரு, அங்கதான் இது முதல்ல குடியேறும். பம்போட வாய அந்தப் பக்கம் திருப்பு. குழாய வச்சு உறிஞ்சினா ஏடு ஏடா உரிஞ்சு வரும். வாரத்துக்கு 10, 15 சதவீதம் தண்ணி மாத்துவேல்லா, அப்பவே இதையும் சேத்து உறிஞ்சி எடுத்துரு. ஸ்கிம்மர் கிண்ணம் நாறுதுன்னு கழுவாம விட்டிருப்ப. கழுவு.

இன்னொரு கூத்து. நைட்ரேட்டு பூஜ்யம் ஆயிட்டுன்னு தம்பட்டம் அடிச்ச. இந்தக் கூட்டத்துல சிலதுக்குக் காத்துல இருந்தே நைட்ரஜனப் பிடிச்சுக்கிடத் தெரியும். நீ நைட்ரேட்ட வழிச்சு எடுத்துட்டு பாஸ்பேட்ட மட்டும் விட்டு வச்சா, மத்த பாசியெல்லாம் பட்டினி கிடக்க, இவன் பந்தியில தனியா உக்காந்து சாப்பிடுவான். நைட்ரேட்டு 5, 10 பி.பி.எம். இருந்துட்டுப் போட்டும்.

கடைசியா மருந்து. எரித்ரோமைசின் போட்டா சாவும், பாக்டீரியாதானே. ஆனா தொட்டியில உனக்கு உழைக்க பாக்டீரியாவும் அடி வாங்கும். நீ கடன அடைக்காம கடன்காரனக் கொன்னா, அவன் தம்பி வருவான். அதுக்கு முந்தி, முடிஞ்ச மட்டும் உறிஞ்சி எடுத்துட்டு, மூணு நாளு விளக்க அணைச்சு தொட்டிய போர்வையால மூடிப் பாரு. காத்துக் குழாய மட்டும் நிறுத்திராத. 2019-ல மண்டபம், பாம்பன் பக்கம் பூங்கோரைப் பாசி வந்து கடலு பச்சையாப் போயி மீனு செத்து ஒதுங்குச்சே, மறந்துட்டியா? அது வேற சாதி. ஆனா எந்தச் சாதியா இருந்தாலும் மொத்தமாச் செத்து அழுவும்போது தண்ணியில இருக்க ஆக்சிஜன உறிஞ்சிப்புடும். கடலுக்கே அந்தக் கதின்னா உன் தொட்டி எம்மாத்திரம்?

மூணு நாளு கழிச்சு மணல் வெளுத்ததும், ‘தொட்டி சுத்தமாயிட்டு, இன்னும் நாலு மீனு விடலாம்’னு உனக்குக் கை அரிக்கும். ரெண்டு மாசத்துக்குக் கொளத்தூரு மீன்கடைப் பக்கம் தல வச்சுப் படுக்காத.