ஆலைக்கு வெளியே சர்க்கரை

கண்ணுக்குச் சொட்டு மருந்து இருக்க, கண்ணுக்குள்ளேயே ஊசி குத்துகிறார்களாமே! டாக்டர்களுக்கு ஈவு இரக்கமே கிடையாதா? (வாசகர், எறையூர்)

பெரம்பலூர் சர்க்கரை ஆலையையே ஊருக்குள் வைத்திருப்பவர் கேட்கிற கேள்வியா இது? சர்க்கரை ஆலையில் பெருகினால் லாபம். ரத்தத்தில் பெருகினால் விழித்திரைக்குச் சாபம்.

சொட்டு மருந்து திண்ணையோடு திரும்பிவிடும் விருந்தாளி. பெரும்பகுதி கண்ணீரோடு வழிந்துவிடும். விழித்திரையோ வீட்டின் கொல்லைப்புறத்தில் இருக்கிறது. அதனால்தான் கருவிழி ஓரத்திலிருந்து 4 மில்லிமீட்டர் தள்ளி, வெண்விழி வழியாக ஊசி. உள்ளே போகும் மருந்து பெரும்பாலும் 0.05 மில்லிலிட்டர். அதாவது, நீங்கள் கேட்ட அதே ஒரு சொட்டுதான்! மரத்துப்போகச் செய்த பிறகே குத்துகிறார்கள், இரக்கம் உண்டு.

விலையைக் கேட்டால் கண்ணைக் கட்டுகிறதே?

கட்டத்தான் செய்யும், ஒரு ஊசியோடு முடிவதும் அரிது. குடல் புற்றுநோய்க்கென்று 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெவாசிசுமாப், மறு ஆண்டே மயாமியில் கண்ணுக்குள் குடியேறியது. ஒரு குப்பியைப் பல கண்களுக்குப் பங்கு வைக்கலாம் என்பதால் செலவு இறங்கியது. கண்ணுக்கென்றே பிறந்த ரானிபிசுமாபுக்கு, 2015-இல் அகமதாபாத்தின் இன்டாஸ் நிறுவனம் ரசுமாப் என்று உள்நாட்டு மாற்றைக் கொண்டுவந்தது.

சர்க்கரை உள்ளவர்கள், பார்வை பளிச்சென்று இருந்தாலும், வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.