சுருட்டு முனை திறத்தல்: ஒரு வழிநூல்

சுருட்டின் முனையைத் திறக்கும் கலைக்கு முதல்நூல் செய்தவர் ஷெர்லாக் ஹோம்ஸ். கானன் டாயில் 1893-இல் வெளியிட்ட கதை ஒன்றில், இறந்தவரின் அறையில் கிடந்த நான்கு சுருட்டுத் துண்டுகளை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறார். இரண்டு மொட்டைக் கத்தியால் வெட்டியவை, இரண்டு நல்ல பல்வரிசையால் கடித்தவை என்று பிரிக்கிறார். பிரித்த கையோடு, இது தற்கொலை அல்ல, கொலை என்றும் சொல்லிவிடுகிறார். ஆக, வெட்டு, கடி என வகை இரண்டே. 140 வகைப் புகையிலையின் சாம்பலைப் பிரித்து நூல் எழுதியதாகப் பெருமை பேசியவர், 1887-இல் வந்த முதல் நாவலிலேயே திருச்சிச் சுருட்டைச் சாம்பலை வைத்து அடையாளம் கண்டவர், முனை விஷயத்தில் மட்டும் இரண்டோடு கடையைக் கட்டியது ஏன் என்று தெரியவில்லை. அக்குறை தீர்க்க எழுந்தது இவ்வழிநூல். இது வழங்கும் நிலம் நெய்தல். குறிப்பாக, மரக்காணம் உப்பளக் கரை. உப்புக்கும் சுருட்டுக்கும் என்ன உறவு என்று கேட்பவர் சற்றுப் பொறுக்க.

சுருட்டு இரு வகைப்படும்: வாய் மூடியது, வாய் திறந்தது. கியூபா முறையில் சுற்றியதற்குத் தலையில் ஓர் இலைத்துண்டை ஒட்டித் தொப்பி போடுவார்கள். அதைத் திறக்காமல் எவ்வளவு இழுத்தாலும் கன்னம்தான் வலிக்கும். நம் உறையூர் வழிச் சுருட்டுக்கோ சுற்றும் இடத்திலேயே இரு முனையும் நறுக்கிவிடுவது மரபு. வாங்கினோம், பற்ற வைத்தோம் என்பதோடு வேலை முடிந்தது. அப்படியானால் நம்மவருக்கு இந்நூல் எதற்கு என்று ஒரு கேள்வி எழும். வெட்டாமையும் வெட்டின் ஒரு வகையே என்பது நம் விடை. மேலும், சர்ச்சில் திருச்சிச் சுருட்டு பிடித்தார் என்று சொல்லிக்கொள்ளும் ஊரில், அவர் வாயில் வைத்த மற்றச் சுருட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை தெரிந்திருப்பது நல்லது.

மூடியதைத் திறக்கும் வழிகளில் தலைமையானது நேர்வெட்டு. தலை உருண்டு வந்து உடலோடு சேரும் இடம் தோள் எனப்படும். கத்தி தோளுக்கு மேலே விழ வேண்டும். கீழே விழுந்தால் தொப்பி முழுவதும் போய்விடும். மேலிலை அவிழ்ந்து, பிடிக்கப் பிடிக்கச் சுருட்டு உரிந்துகொண்டே வரும். இதற்கென்று இரு பக்கமும் கத்தி வைத்த கருவியைச் சீமையில் விற்கிறார்கள். நம் வீட்டில் பாக்குவெட்டி இருக்கிறது. ஆனால் பாக்குவெட்டிக்குக் கத்தி ஒரு பக்கம்தான். மறுபக்கம் வெறும் தாங்கி. கொட்டைப்பாக்குக்கு அது போதும். ஈரம் ஏறிய சுருட்டை அதில் வைத்தால் வெட்டுப்படுவதற்கு முன் நசுங்கிவிடும். ஆகவே பாக்குவெட்டி நேர்வெட்டுக் கருவியே ஆயினும் கடைநிலை என்க.

அடுத்தது ஆப்புவெட்டு. தலையின் குறுக்கே வாய்க்கால் போல ஒரு பள்ளம் விழும். புகை குறுகி வரும், சுவை கூர்மையாகும் என்பார்கள். மூன்றாவது துளை. சிறு வட்டக் கத்தியால் தொப்பியில் ஓட்டை போடுவது இது. இலைத்தூள் வாய்க்கு வராது. ஆனால் தாரெல்லாம் அந்த ஓட்டையோரம் சேர்ந்து கசக்கும். கூம்புத்தலைச் சுருட்டுக்குத் துளையே ஆகாது. கத்தி உட்கார இடமில்லை. தீக்குச்சியால் குத்துவதைத் துளையின் உட்பிரிவாகச் சிலர் கொள்வர். அது குத்தல், துளைத்தல் அன்று. உள்ளிலையை நெருக்கி வழியை அடைப்பதைத் தவிர அதனால் ஒரு பயனும் இல்லை.

நான்காவது கடி. சீமை நூலோர் இதை நாகரிகமற்றது என்று ஒதுக்குவர். அவர்கள் மரக்காணத்துக்கு வந்ததில்லை. இங்கே உப்புக் காற்றில் இரும்பு நிற்காது. கருவியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைக்க எவருக்கு நேரம்? பாத்தியில் இறங்கி உப்பு வாரும் கை வெடித்துப் போயிருக்கும். அதைக்கொண்டு நுணுக்க வேலை பார்க்க முடியாது. துருப்பிடிக்காத கருவி வாயில் உள்ள பல் ஒன்றே. கடியும் இரு வகை: முன்பல் கடி, கடைவாய்க் கடி. முன்பல் கடித்தால் தொப்பி மட்டும் வரும். கடைவாயில் கொடுத்தால் சுருட்டில் பாதியே போய்விடும். பல் போனவருக்கு நகத்தால் கிள்ளுதல் விதிக்கப்பட்டது.

இனி உப்புக்கு வருவோம். சுருட்டைப் பேணுவோர் அதை ஸ்பானிய சீடர் எனப்படும் மரத்தாலான பெட்டியில் வைத்துக் காற்றின் ஈரத்தை 65 முதல் 70 சதவீதத்துக்குள் காப்பார்கள். ஈரம் குறைந்தால் மேலிலை வெடிக்கும். கூடினால் சுருட்டு ஊதும், இழுக்க வராது, பூஞ்சணம் பிடிக்கும். பெட்டிக்குள் ஓர் ஈரமானி இருக்கும். அந்த ஈரமானி உண்மை சொல்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? ஒரு மூடியில் கொஞ்சம் உப்பு, அதில் சில சொட்டுத் தண்ணீர். அதையும் ஈரமானியையும் காற்றுப் புகாத டப்பாவில் சில மணி நேரம் மூடி வைத்தால் முள் 75-இல் நிற்க வேண்டும். நனைந்த உப்பு தன்னைச் சுற்றிய காற்றை அந்த அளவில் நிறுத்திவைக்கும். அதற்கு மேல் காற்றில் ஈரம் ஏறினால், காய்ந்த உப்பு தானே நீரை வாங்கிக் கசியத் தொடங்கும். பணக்காரப் பெட்டிகளுக்கெல்லாம் நீதிபதி ஒரு சிட்டிகை உப்பு. அந்த நீதிபதிகள் மரக்காணத்தில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறார்கள். சுருட்டு உலகம் இந்த ஊரை இன்னும் கண்டுகொள்ளாதது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆகவே இந்நிலத்தில் வெட்டைத் தீர்மானிப்பது ஆளின் குணம் அன்று, பருவம். உப்பு குவியலாகக் காய்ந்து நிற்கும் கோடையில் நேர்வெட்டு நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பாத்திகள் மழைநீரில் மூழ்கி வேலை நின்றிருக்கும்போது சுருட்டும் ஊதியிருக்கும். அப்போது கத்தி வைத்தால் நசுங்கும், துளை போட்டால் அடைக்கும். அந்த மாதங்களுக்கு உரியது வாய் திறந்த நாட்டுச் சுருட்டு. அதையும் வெயில் அடிக்கும் நாளில் சற்றுக் காயவைத்தே எடுக்க வேண்டும்.

புறனடை இரண்டு. ஒன்று, ஆந்திரக் கடலோரத்தில் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் பிடிக்கும் பெண்கள். அங்கே முனை எது, அடி எது என்ற நம் பகுப்பே தலைகீழாகிவிடுகிறது. காற்றும் தண்ணீரும் நெருப்பை அணைக்காமலிருக்க இது வழி என்பார்கள். மேலண்ணத்தில் புற்று வருவதற்கும் இதுவே வழி என்று மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு, தெய்வச் சுருட்டு. முனீஸ்வரனுக்கும் மதுரை வீரனுக்கும் படைப்பது. மலேசியாவிலும் இவ்வழக்கம் தொடர்கிறது. நெல்லைச் சீமையில் இறந்துபோன ஒரு வெள்ளை அதிகாரியின் ஆவிக்குக்கூடச் சாராயமும் சுருட்டும் படைத்ததாக 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்பு உண்டு. சாமிக்கு முனையை யார் திறப்பது என்பதில் ஐயமே எழவில்லை. படைப்பது நாட்டுச் சுருட்டு, அது திறந்தே வரும். அந்த வெள்ளைக்காரர் தம் ஊர்த் தொப்பிச் சுருட்டு கேட்டிருந்தால் பூசாரிக்குச் சிக்கல்தான்.

பீடிக்கு இவ்விதிகள் பொருந்தா. அதற்குத் தனி நூல் வேண்டும்.

இந்நூலைக் கற்றோர் செய்முறைப் பயிற்சிக்கு மரக்காணம் பேருந்து நிலையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் பொது இடத்தில் புகைக்கத் தடை உண்டு. அபராதம் 200 ரூபாய் வரை. வெட்டினாலும் கடித்தாலும் தொகை ஒன்றே.