தேக்கடி ஷட்டரும் செம்மறி ஆடும்

தேக்கடி ஷட்டரைத் திறந்தால் கம்பம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர். சினை ஆட்டின் வயிற்றுக் குட்டிக்கு ரத்தத்தைத் திறந்துவிடுவது யார்?
– வாசகர், கூடலூர்

ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். அரசாணைக்குக் காத்திருக்காது! சினையில்லாத செம்மறிக்கு அதை ஊசியில் ஏற்றினால், இரண்டு மணி நேரத்துக்குள் கருப்பையின் ரத்த ஓட்டம் பல மடங்காகிறது. ரத்தக்குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்க, குழாய் தளர்ந்து விரிகிறது. சினை ஆடு ஈனும் தருவாயில் அதன் கருப்பைக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல் ரத்தம் போகும்.

அப்போது இன்னொரு ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் சும்மா இருக்குமா?
– வாசகி, சின்னமனூர்

சும்மா இருக்க வைப்பதே அதன் வேலை! கருப்பைத் தசை இறுகாமல் பார்த்துக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜனின் வேகத்தையும் மட்டுப்படுத்துகிறது.

ஆட்டை ஆராய்ந்து மனுஷனுக்கு என்ன லாபம்?
– வாசகர், உத்தமபாளையம்

உயிர். குறைமாதப் பிரசவம் ஆகும் என்று தெரிந்தால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்களே, அது வயிற்றுச் சிசுவின் நுரையீரலை முதிரவைப்பதை நியூசிலாந்தின் கிரகாம் லிக்கின்ஸ் முதலில் கண்டது சினைச் செம்மறியில்தான். தாய்மார்களிடம் நடத்திய சோதனையின் முடிவு 1972-ல் வெளியானது.

வயலில் கிடை போடும் கீதாரிக்கு?
– வாசகர், கம்பம்

செம்மறிக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். குட்டியின் எடையில் பெரும்பகுதி கடைசி ஆறு வாரத்தில்தான் ஏறுகிறது. ஓடுகிற ரத்தத்தில் சத்து இருக்க வேண்டாமா? அறுத்த வயலின் தாளடி போதாது. கொஞ்சம் தானியமும் பிண்ணாக்கும் வையுங்கள். கடும் வெக்கை கருப்பைக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, குட்டியைச் சிறுக்கவைக்கும். உச்சிவெயிலில் சினை ஆட்டை மரநிழலில் நிறுத்துங்கள், ஐயா.